மிச்சம் வைக்காத தட்டு

ஆண்டவருக்குள் அன்பான சகோதர சகோதரிகளே, சாட்சி சொல்ல யார் வருகிறீர்கள் என்று பாஸ்டர் கேட்டால், லண்டன் ஹரோவில் இந்தச் சபை மண்டபத்தில் முதலில் எழும்புகிற ஆள் நான்தான். கையில் மைக் வந்தால் லேசில் விடவும் மாட்டேன். ஆனால் தீவிலிருந்து திரும்பி வந்து இத்தனை மாதமாக வாய் திறக்கவில்லை. இந்த ஜெயமணி அக்காவுக்கு என்ன நடந்தது என்று சிலர் என் காதுபடவே கதைத்தீர்கள். வெட்கம் பிள்ளைகள், வேறொன்றுமில்லை. இன்றைக்கும் அந்த வெட்கத்தோடுதான் நிற்கிறேன்.

போன வருடம் மாசி மாதம், பசிபிக் சமுத்திரத்தில் ஒரு சின்னத் தீவில், என் கணவர் செல்வராஜா காய்ச்சலோடு பாயில் கிடந்தார். கடலில் இறங்கினபோது முருகைக்கல், அந்தப் பவளப்பாறை, வெட்டின காயம். முதலில் சின்னக் கீறல்தான். ஆறவில்லை. பெருவிரல் நீலம் பாரித்துக் கறுத்தது. கிட்டப் போனால் மணத்தது. தீவில் டொக்டர் இல்லை, ஒரு நேர்ஸ் மட்டும். அவ என்னை வெளியே கூப்பிட்டு ஆங்கிலத்தில் சொன்னதை நம் தமிழில் சொல்கிறேன்.

"அம்மா, ஐயாவுக்குச் சுகர் கண்டபடி ஏறிக் கிடக்கு. பெரிய தீவு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாட்டிக் கால் போகும். பிறகு ஆளும் போவார்."

கடலோ கொந்தளிக்கிறது. பெரிய தீவிலிருந்து வருகிற கப்பல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. நான் தலையில் கையை வைத்துக்கொண்டு மணலில் இருந்துவிட்டேன்.

நாங்கள் எப்படி அங்கே போனோம் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். இவர் பஸ் ஓட்டின வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். நானும் பள்ளிக்கூடச் சாப்பாட்டு மண்டபத்தில் பிள்ளைகளுக்குப் பரிமாறுகிற வேலையை விட்டேன். ஓய்வு பெற்ற தம்பதிகளை ஊழியத்துக்கு அனுப்புகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒன்றரை வருடத்துக்குப் பெயர் கொடுத்தோம். நீங்கள் எல்லாரும் எங்கள் தலையில் கை வைத்து ஜெபித்து அனுப்பினீர்கள். எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு பெருமை தெரியுமா? இந்த வயதில் மிஷனரி! ஹீத்ரோவில் நின்றே நாலு படம் அனுப்பினேன்.

தீவில் எங்களுக்கு வேலை ஞாயிறு பாடசாலை, வீடு சந்திப்பு, சின்னச் சின்னத் திருத்த வேலை. தங்க ஒரு குடில் தந்தார்கள். சாப்பாட்டுக்கு லீட்டா என்கிற பிள்ளையின் வீட்டை ஊர் மூப்பர் காட்டிவிட்டார். புருஷன் சிமோனே மீன் பிடிக்கிறவன். மூன்று பெண் பிள்ளைகள். சமைக்க நாங்களும் ஏதும் தரட்டுமா என்று இவர் கேட்டதற்கு, அப்படிக் கேட்பதே அந்த வீட்டுக்கு அவமானம் என்று மூப்பர் முகம் சுளித்தார்.

ஒவ்வொரு பின்னேரமும் லீட்டா பாய் விரித்து எங்கள் இரண்டு பேரையும் இருத்துவாள். அவித்த ஈரப்பலாக்காய், கிழங்கு, தேங்காய்ப்பாலில் மீன், எல்லாம் ஒரு பெரிய மரத்தட்டில் குவித்து வைப்பாள். அவளும் புருஷனும் பக்கத்தில் இருந்து விசிறுவார்கள். பிள்ளைகள் மறைப்புக்குக் கட்டின ஓலைத் தட்டிக்குப் பின்னால் இருப்பார்கள். அவர்கள் முதலே சாப்பிட்டிருப்பார்கள் என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம். ஒருவரையும் கேட்கவில்லை.

என் குணம் உங்களுக்குத் தெரியும். இடம்பெயர்ந்து அலைந்த காலத்தில் ஒரு சிரட்டைக் கஞ்சிக்கு வரிசையில் நின்றவள் நான். லண்டனுக்கு வந்தும் பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளைகளைத் தட்டோடு திருப்பி அனுப்பியிருப்பேன், "மிச்சம் வைக்கக்கூடாது, போய்ச் சாப்பிட்டு முடி" என்று. சோற்றை வீணாக்குகிறது பாவம். ஆக்கித் தந்தவளின் மனம் நோகும். ஆகவே அந்த மரத்தட்டை நாங்கள் ஒரு பருக்கை விடாமல் துடைத்தோம்.

அடுத்த நாள் லீட்டா இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தாள். அதையும் துடைத்தோம். அதற்கு அடுத்த நாள் இன்னும் கூட. இவர் என் காதுக்குள் மெல்ல, "இஞ்சரும், இனி ஏலாதப்பா. தொண்டை மட்டும் நிக்குது" என்பார். நான் தொடையில் கிள்ளுவேன். "சாப்பிடுங்கோ. அந்தப் பிள்ளை பாத்துக்கொண்டு நிக்கிறாள். மிச்சம் விட்டா என்ன நினைப்பாள்?" சுகர் உள்ள மனுசன். ஈரப்பலாக்காயும் கிழங்கும் மலை மாதிரி. அவருடைய பெல்ட்டில் நானே கத்தியால் புது ஓட்டை போட்டுக் கொடுத்தேன்.

சாப்பாட்டுக்கு முன் இவர் ஜெபிப்பார். லண்டனில் ஜெபிக்கிற அதே ஜெபம்தான். கடைசியில் எப்போதும், "ஆண்டவரே, பசியோடு இருக்கிற பிள்ளைகளை நினைத்தருளும்" என்று முடிப்பார். நான் கண்ணை மூடிக்கொண்டு சத்தமாக ஆமென் சொல்லுவேன். அதோடு நிற்காமல் சபையின் வாட்ஸ்அப்பில் உங்களுக்குக் குரல் பதிவும் அனுப்பினேன். "கர்த்தர் எங்களை வயிறு நிறையப் போஷிக்கிறார், ஸ்தோத்திரம்!" நீங்களும் ஸ்தோத்திரம் போட்டீர்கள்.

சரி, மாசி மாதத்துக்கு வருகிறேன். கடற்கரைக்குக் கிட்ட என்பதால் இவரை லீட்டா வீட்டில்தான் கிடத்தியிருந்தோம். நேர்ஸ் சொன்ன அன்று பின்னேரம் லீட்டா வழக்கம்போலத் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. கும்பிட்டு, வேண்டாம் பிள்ளை, கொண்டு போ என்றேன். அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு தட்டிக்குப் பின்னால் போனாள்.

அங்கே ஒரு சத்தம் கேட்டது. பிள்ளைகளின் சிரிப்பு. அந்த நேரத்தில் எனக்கு எரிச்சல்தான் வந்தது, உண்மையைச் சொல்கிறேன். இங்கே ஒரு மனுசன் சாகக் கிடக்கிறான், அங்கே என்ன கொண்டாட்டம்! எழும்பிப் போய்ப் பார்த்தேன்.

மூன்று பிள்ளைகளும் இரண்டு கையாலும் அள்ளித் தின்றுகொண்டிருந்தார்கள். சின்னவளுக்கு மூக்கெல்லாம் தேங்காய்ப்பால். என்னைக் கண்டதும் அவள் என் வயிற்றைக் காட்டித் தங்கள் பாஷையில் என்னவோ சொல்லிச் சிரித்தாள். என்ன சொல்கிறாள் என்று லீட்டாவைக் கேட்டேன். அவள் தயங்கித் தயங்கி, தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள்.

"ஒவ்வொரு நாளும் இவள் ஜெபிக்கிறவள், உங்கட வயிறு நிறையவேணும் எண்டு. இண்டைக்கு நிறைஞ்சிட்டுதாம். ஆண்டவர் கேட்டிட்டாராம்."

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. மரமண்டை. புண்ணுக்குக் கட்டுப்போட வந்த நேர்ஸிடம் இதைக் கேட்டேன். அவ கட்டுத் துணியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தா.

"இஞ்ச விருந்தாளியள்தான் முதல் சாப்பிடுவினம். அவை விடுகிற மிச்சம்தான் வீட்டுக்காரருக்கு. அதாலதான் பாதிக்கு மேல விட்டிட்டு எழும்புறது. உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

யார் சொல்வார்கள்? விருந்தாளியிடம் போய் "குறைத்துச் சாப்பிடுங்கள்" என்று எந்த வீட்டில் சொல்வார்கள்? நம் யாழ்ப்பாணத்தில் சொல்வோமா? நாங்கள் ஏப்பம் விட்டுக்கொண்டு போனபிறகு லீட்டா வாழைக்காயை உப்புப் போட்டு அவித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறாள். அதுதான் அந்த வீட்டின் இராச்சாப்பாடு. நாங்கள் பசிபிடித்த தேசத்திலிருந்து வந்த சனம் என்று நினைத்து, பாவம் பார்த்துப் பார்த்துக் குவித்திருக்கிறாள். அவள் குவிக்கக் குவிக்க நான் இவரைக் கிள்ளிக் கிள்ளித் தின்னவைத்திருக்கிறேன். காயம் மட்டும்தான் முருகைக்கல்லின் வேலை. அதை ஆறவிடாமல் செய்தது நான்.

ஐயோ, எனக்கு வந்த வெட்கம்! நிலம் பிளந்தால் உள்ளே போயிருப்பேன். நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு எந்தப் பசித்த பிள்ளைகளுக்காக ஜெபித்தோமோ, அந்தப் பிள்ளைகள் ஓலைத் தட்டிக்கு அந்தப் பக்கம் எங்கள் ஆமெனைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியடியில் போய் முழங்காலில் விழுந்தேன். எனக்கு ஜெபம் தண்ணீர் மாதிரி வரும், உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு ஒரு சொல்லும் வரவில்லை. "ஆண்டவரே, கேட்க எனக்கு முகமில்லை. இவரைத் தாரும்." அவ்வளவுதான் சொன்னேன். அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

எழும்பிப் பார்த்தால் சிமோனேயும் அவன் சகோதரர் இரண்டு பேரும் வள்ளத்தைத் தண்ணீருக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் அவர்களைக் கேட்கவில்லை. கடல் அடங்கவும் இல்லை. நான் ஓடிப்போய், வேண்டாம் தம்பி, உனக்குப் பிள்ளைகள் இருக்கு, எங்களுக்காக நீ சாகக்கூடாது என்று மறித்தேன். அவன் கயிற்றை விடாமலே சொன்னான்: "நீங்கள் எங்கட தட்டில சாப்பிட்ட ஆக்கள். எங்கட ஆக்கள். எங்கட ஆளைச் சாகவிட்டிட்டு நாங்கள் கரையில நிக்கிறதோ?"

பிள்ளைகளே, நான் எந்தச் சாப்பாட்டை நினைத்துக் கூனிக்குறுகி நின்றேனோ, அந்தச் சாப்பாட்டின் பேரில்தான் அவன் இவரைத் தூக்கி வள்ளத்தில் கிடத்தினான்.

அந்தப் பயணத்தைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குப் பலமில்லை. இவருடைய தலை என் மடியில். மழை ஊசியாகக் குத்தியது. தீவைச் சுற்றின முருகைப் பாறைக்கு வெளியே போகிற இடுக்கில் அலை சுவர் மாதிரி எழும்பியது. சிமோனே எஞ்சினை அடக்கிவிட்டுக் காத்திருந்தான். நான் அந்த ஒற்றை வரி ஜெபத்தை விடவில்லை. கொஞ்ச நேரம் கடல் மூச்சுப் பிடித்த மாதிரி நின்றது. அந்த நேரத்துக்குள் வள்ளம் வெளியே வந்துவிட்டது. தற்செயல் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். நான் வள்ளத்துக்குள் இருந்தவள்.

பெரிய தீவில் பெருவிரலை எடுத்தார்கள். கால் தப்பியது, ஆள் தப்பினார். இன்னும் சுணங்கியிருந்தால் கதை வேறு என்று டொக்டர் சொன்னார்.

கடல் அடங்கினபிறகு லீட்டா பிள்ளைகளோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். என்ன கொண்டுவந்தாள் என்று நினைக்கிறீர்கள்? ஓலைப் பெட்டி நிறையச் சாப்பாடு! நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மன்னித்துக்கொள் பிள்ளை, எங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஊரெல்லாம் சொன்னனான், என்ர சமையலை இப்பிடி விரும்பிச் சாப்பிட்ட ஆக்கள் ஒருத்தரும் இல்லை எண்டு." அவளுக்கு அதில் பெருமை. எனக்கோ இன்னும் கூட வெட்கம். நானும் இவரும் ஆளுக்கு ஒரு துண்டு ஈரப்பலா எடுத்தோம். பெட்டியைப் பிள்ளைகள் பக்கம் தள்ளிவிட்டோம். ஒன்றரை வருட ஊழியத்தை முடிக்காமலே லண்டன் வந்து சேர்ந்தோம்.

ஊழியம் செய்யப் போனோம் என்று சொல்ல எனக்கு இப்போது வாய் கூசுகிறது. போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தோம். எங்களைத்தான் அவர்கள் தாங்கினார்கள்.

ஒன்று மட்டும் விடாமல் யோசிக்கிறேன். அந்தச் சின்னவள் எனக்காக ஜெபித்தபோது அவளுக்குப் பசி. நான் அவளுக்காக ஆமென் சொன்னபோது எனக்கு வயிறு முட்ட நிறைந்திருந்தது. ஆண்டவர் அவளுடைய ஜெபத்தைத்தான் முதலில் கேட்டார். பிறகு, இரக்கம் உள்ளவர், என்னுடையதையும் கேட்டார். அவருக்குக் கோடி ஸ்தோத்திரம். இதோ, இரண்டாவது வரிசையில் இவர் தடியோடு இருக்கிறார். நேரம் போகுது என்று தலையாட்டுகிறார். இருங்கோப்பா, முடிக்கிறேன்.

இந்த மண்டபத்தில் மதியச் சாப்பாடு நேரம் வரிசையில் முன்னுக்கு நிற்கிறவளும் நான்தான். ஷிப்ட் முடிந்து பிந்தி ஓடி வருகிற பிள்ளைகளுக்கும், அடுப்படியில் பாத்திரம் கழுவுகிறவர்களுக்கும் அடிச்சட்டியில் என்ன மிஞ்சியது என்று நான் ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. இன்றைக்கு அவர்கள் முதலில் சாப்பிடட்டும், அக்கா பரிமாறுகிறேன்.

உங்களில் யாருக்காவது கால் அழுகுகிற மாதிரிக் கஷ்டம் இருந்தால், கேட்க முகமில்லை என்று நினைத்தாலும் கேளுங்கள். முகமில்லாதவர்களின் ஜெபத்தையும் அவர் கேட்கிறார், நான் சாட்சி. ஆனால் ஒன்று. சாப்பாட்டுக்கு ஜெபிக்க இப்போது இவர் வருவார். கண்ணை மூடுவதற்கு முதல் எல்லாரும் ஒருக்கால் பின்னால் திரும்பிப் பாருங்கள், யாராவது இன்னும் சாப்பிடாமல் நிற்கிறார்களா என்று.