காஜா பெராங்கில் ஒரு மிஸ்ஸி

பக்கத்து வீட்டுக் காமாட்சியம்மா நெற்றி நிறையத் திருநீறு பூசி, மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு வந்து, என் ஜன்னலருகே நின்று "சூடா மாக்கான்?" என்பார். சூடாக ஏதோ கேட்கிறார் என்று நான் காபி ஆற்றி நீட்டினேன். சாப்பிட்டாயா என்பதுதான் அதன் பொருள் என்று விளங்க ஒரு வாரமாயிற்று. மலாய் நாட்டின் இந்தக் காஜா பெராங்கில் தலைமுறைகளாக வாழ்ந்து தமிழை மறந்துவிட்ட செட்டிகள் அவர்கள். சாமி நம் சாமி, பேச்சு மலாய்.

வாசல் வழியாகப் போய்க் கொடுக்க எனக்கு வழியில்லை. பண்டார் ஹிலிரில் ஜவுளிக்கடையில் வேலை பார்த்த என் கணவர் கதவை வெளியே பூட்டிவிட்டுப் போவார். "காலம் சரியில்ல, உன் நல்லதுக்குத்தான்" என்பார். ஜன்னலுக்குக் கம்பி கிடையாது. இருந்தும் ஏறிக் குதிக்க வேண்டும் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. மலாய் கற்க இருமுறை தொடங்கி இருமுறையும் விட்டேன். "கொஞ்ச வருசத்துல ஊருக்குப் போயிடப் போறோம், அந்தப் பாஷை எதுக்கு?" என்றார் அவர். எனக்கும் அது சரியென்றே பட்டது.

மன்னார்குடியில் நான் இப்படியில்லை. அம்மா ஆஸ்பத்திரி நர்ஸ். கணக்கில் தோற்றபோது, நர்ஸம்மா மகள் பாதியில் விடுவாளா என்ற ரோஷத்திலேயே மறுபடி எழுதித் தேறினேன். இங்கே நான் யாருடைய மகளும் அல்ல, பூட்டிய வீட்டின் விருந்தாளி. விருந்தாளிக்கு விடாமுயற்சி எதற்கு?

மெர்டேக்கா என்று இங்கே சொல்லும் சுதந்திரம் வந்த வருடம், ஒரு நண்பகலில் காமாட்சியம்மாவின் மருமகளுக்கு வலி கண்டுவிட்டது. ஆளனுப்பியும் மருத்துவச்சி வரவில்லை. அலறல் கேட்டு ஜன்னல் வழியே குதித்தேன். அம்மாவின் பக்கத்தில் நின்று பார்த்ததையெல்லாம் என் கைகள் தாமாகச் செய்தன. குழந்தை அழுத பிறகே மருத்துவச்சி வந்து, யார் இவள் என்று கேட்டாள். காமாட்சியம்மா நிமிர்ந்து, "மிஸ்ஸி கித்தா" என்றார். நம்ம நர்ஸ். அந்தச் சொல்லைப் பொய்யாக்க எனக்கு மனம் வரவில்லை.

மாலையில் தேடி வந்த கணவர் திகைத்தார். "எப்படி வெளிய வந்தே?"

"ஜன்னல் வழியா. இனிமே பூட்டாதீங்க."

அதன்பின் காமாட்சியம்மாவிடம் மலாய் படித்தேன். மருத்துவச்சிப் பயிற்சிக்கான நேர்முகத்தில், மலாய் போதாதென்று அனுப்பிவிட்டார்கள். மறு ஆண்டும் போனேன், எடுத்துக்கொண்டார்கள். பயிற்சி முடித்தால் இங்கேயே சில ஆண்டுகள் வேலை செய்தாக வேண்டும் என்பது நிபந்தனை. "அப்ப ஊருக்கு எப்பத்தான் போறது?" என்று கணவர் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி கேட்கிறார். நான் அந்தத் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைக்கிறேன்.

போன வாரம் ரப்பர் தோட்டத்திலிருந்து ஒரு தமிழ்ப்பெண் நான் பயிலும் ஆஸ்பத்திரிக்குப் பிரசவத்துக்கு வந்தாள். குழந்தையின் தலை தெரிந்ததும், மூச்சடக்கி அழுத்தச் சொல்லி "தெரான்! தெரான்!" என்றேன். அவள் மிரண்டு என் கையைப் பிடித்தாள்.

"தமிழ்ல சொல்லுங்கக்கா, நீங்க நம்மாளுதானே?"

தெரானுக்குத் தமிழில், பிரசவ அறையில் அம்மா ஆயிரம் முறை சொல்லிக் கேட்ட சொல். அதைத் தேடித் திறந்த வாய் திறந்தபடியே இருக்க, அவள் என் முகத்தையே பார்த்துக் காத்திருந்தாள்.