அண்ணா என்று கூப்பிட்டவர்

என் வீட்டுக்காரர் நாச்சிமுத்துவுக்குக் குரல் பெரிது. குமாரபாளையத்தில் தறி ஓடும் வீட்டில் வளர்ந்தவர். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. எனக்கோ பக்கத்தில் நிற்பவருக்குக்கூடக் கேட்காது. அதனால் ஆம்னி வண்டியில் துண்டும் லுங்கியும் பெட்ஷீட்டும் ஏற்றிக்கொண்டு சேலத்துத் தெருக்களில் விற்க ஆரம்பித்தபோது, கூவுவது அவர் வேலை, விரித்துக் காட்டி மடித்து வைப்பது என் வேலை என்று ஆனது.

கூவிக் கூவித் தொண்டை கட்டிப்போனபோதுதான் சைபுல்லா கடைக்குப் போனோம். கார்களுக்கு ஆடியோ மாட்டுகிற கடை. ஓர் ஆம்ப்ளிஃபயரைப் பின் சீட்டுக்கு அடியில் பொருத்தி, வண்டி மேலே குழாய் ஸ்பீக்கர் வைத்துக் கொடுத்தார். இவர் அங்கேயே நின்று போனில் பேசிப் பதிந்தார்: "கொமாரபாளையம் துண்டு, லுங்கி, பெட்சீட்டு! சாயம் போவாது தாயி, நம்பி வாங்கலாம்!"

"அண்ணா, ஒங்க தொண்டைக்கு எதுக்கு ஆம்ப்ளிஃபயரு? ஆம்ப்ளிஃபயருக்குத்தான் ஒங்க தொண்டைய மாட்டணும்" என்று சிரித்தார் சைபுல்லா.

அன்றிலிருந்து இவர் அவருக்கு அண்ணா, நான் அண்ணி. அந்தப் பக்கம் போனால் டீ குடிக்காமல் விடமாட்டார். இவருக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை. அந்த 'அண்ணா'வைக் கேட்பதற்காகவே சுற்று வழியில் வண்டியைத் திருப்புவார். கேட்டால் "அந்த ரோடு நல்லாருக்குது புள்ள" என்பார்.

ஆயுத பூஜைக்கு வண்டியை யாரையும் தொட விடமாட்டார். கழுவுவது, சந்தனம் வைப்பது, பூக் கட்டுவது எல்லாம் அவர் கையால்தான். இந்த வருடமும் அப்படித்தான் செய்தார்.

மறுநாள் அஸ்தம்பட்டியில் ஒரு தெருவுக்குள் நுழைந்து சுவிட்சைப் போட்டார். சத்தமே வரவில்லை. போனை மட்டும் தனியாக வைத்துப் பார்த்தார். அதில் பேச்சு நன்றாகக் கேட்டது. போன் ஒயரைக் கழற்றி மாட்டினார். பேட்டரிப் பக்கம் இருந்த ஃபியூஸை எடுத்துப் பார்த்தார்; போகவில்லை. சீட்டுக்கு அடியில் எப்போதும் பச்சையாக எரியும் லைட் மட்டும் சிவப்பாக எரிந்தது. தீபாவளிக்கு முன்னால் நாலு வியாபாரம் ஓடுகிற நேரம். ஒரு வீட்டுக் கதவும் திறக்கவில்லை.

"டூப்ளிகேட்ட மாட்டி உட்டுட்டான்" என்றார்.

"கேட்டுப் பாக்கலாங்க" என்றேன். அது அவர் காதில் விழவில்லை.

கடையில் சைபுல்லா கைலாசம் என்ற வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டிருந்தார். அவருடைய காரைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். "நாளைக்குச் சாயந்தரம் வந்து வண்டிய எடுத்துக்கங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் இவர் வாசலில் இருந்தே கத்தினார்.

"ஏம்ப்பா, ஓட்டைப் பொட்டியத் தள்ளி உட என்ற வண்டிதான் கெடச்சுதா?"

"உக்காருங்கண்ணா. பாத்துர்றேன்."

"என்னத்தப் பாக்கறது? உங்காளுங்கள நம்புனம் பாரு, என்னையச் செருப்புல அடிக்கோணும்!"

கைலாசம் தலையைக் குனிந்துகொண்டார். சைபுல்லாவின் முகத்தில் இருந்த சிரிப்பு ஒரு நொடி அப்படியே நின்று, பிறகு போனது. நான் ஒரு துண்டை எடுத்து மடித்தேன். அது ஏற்கனவே மடித்த துண்டு.

சைபுல்லா டார்ச்சோடு வண்டிக்குள் ஏறினார். கூரையில் குழாய் ஸ்பீக்கருக்குப் போகிற ஒயர்களைக் கழற்றினார். சிவப்பு மாறவில்லை. "ஸ்பீக்கர்ல கோளாறு இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, சீட்டைத் தூக்கினார். அப்புறம் டார்ச்சை ஒரே இடத்தில் பிடித்துக் குனிந்தார். நானும் எட்டிப் பார்த்தேன்.

பூஜையன்று தறியில் ஓர் இழை சரிகையைப் பூவோடு சேர்த்துக் கட்டுவது இவர்கள் வீட்டு வழக்கம். தறி போன பிறகு அதை வண்டி ஸ்டியரிங்கில் கட்டிக்கொண்டிருந்தார். இந்த வருடம் சோறு போடுவது ஆம்ப்ளிஃபயர்தான் என்று அதற்கும் கட்டியிருக்கிறார். சுற்ற இடமில்லாமல், ஸ்பீக்கர் ஒயர் மாட்டுகிற திருகாணிகளிலேயே சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார். பட்டு நெய்த காலத்து அசல் சரிகை. செம்பும் வெள்ளியும் சேர்ந்தது, கம்பி மாதிரிதான். இரண்டு திருகாணிகளையும் அது ஒன்றாக்கி ஷார்ட் ஆக்கிவிட்டது. பெட்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வாயை மூடிக்கொண்டது.

சைபுல்லா பக்கத்தில் கத்தரி இருந்தது. அதை எடுக்கவில்லை. நகத்தால் முடிச்சை மெல்ல அவிழ்த்து, வாடிய சாமந்தியோடு ஒரு காகிதத்தில் மடித்து என் கையில் கொடுத்தார். "சாமிக்குக் கட்டுனது அண்ணி. பத்திரமா வையுங்க" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. ஆனால் இவர் பார்த்துவிட்டார்.

கைலாசத்தைப் பார்த்து, "ஒயர் லூசு. நான்தான் டைட் வைக்காம உட்டுட்டேன்" என்றார் சைபுல்லா.

ஒயரை மாட்டிச் சுவிட்சைப் போட்டார். லைட் பச்சையானது. கடையே அதிர, "சாயம் போவாது தாயி, நம்பி வாங்கலாம்!" என்றது இவருடைய குரல். இவர் பாய்ந்து போய்ப் போனைத் தேடினார். எடுத்த வேகத்தில் அது சீட்டுக்கு அடியில் விழுந்தது. "நம்பி வாங்கலாம்!" என்று இன்னொரு முறையும் கத்தியது.

"ஆச்சுங்க சார்" என்றார் சைபுல்லா, இவரைப் பார்த்து.

அப்புறம் எந்தத் தெருவிலும் இவர் ஸ்பீக்கரைப் போடவில்லை. ஒரு புளியமரத்துக்குக் கீழே வண்டியை நிறுத்தினார்.

"சார்ங்கறாரு, கேட்டியா?"

"கேட்டனுங்க."

"திரும்பிப் போயி ஒரு வார்த்த சொல்லிப் போட்டு வந்தர்றேன்."

எனக்கு எங்கிருந்து வாய் வந்ததோ. "இப்ப வேண்டாங்க. அந்தக் காருக்காரரு போயிருப்பாரு. நாளைக்குச் சாயந்தரம் வண்டியெடுக்க வருவாரு. அவரு இருக்கறப்பச் சொல்லுங்க."

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் சாயந்தரம் கைலாசம் இருந்தார். இவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைக்குள் போனார். அந்தப் பெரிய தொண்டையில் இருந்து சின்னக் குரல்தான் வந்தது.

"ஒயர் லூசு இல்லீங்க. பொட்டில சரிகையக் கட்டிக் கெடுத்தது நானுங்க. அவரு மேல தப்பே இல்லீங்க" என்றார் கைலாசத்தைப் பார்த்து. பிறகு சைபுல்லா பக்கம் திரும்பி, "நேத்துப் பேசுனது... பேசக் கூடாததுங்க" என்றார். 'ஏம்ப்பா' என்று கூப்பிட்டவரை 'ங்க' போட்டுப் பேசியது அன்றுதான்.

சைபுல்லா கையைத் துடைத்துக்கொண்டார். "அத விடுங்க சார். டீ சாப்புடுங்க. அண்ணி, நீங்களும் சாப்புடுங்க."

டீ வந்தது. குடித்தோம். வண்டியில் ஏறிய பிறகும் இவர் சாவியைத் திருகவில்லை. கடைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன்னைய இன்னும் அண்ணிங்கறாரு, புள்ள" என்றார்.