கவுன்ட்டர் முகமும் காஸ் மாத்திரையும்

கத்துவதற்கென்றே வந்த ஒருவர் கத்தாமல் திரும்பிப் போன நாளிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அன்று அதை நான் திறமை என்று எண்ணிக்கொண்டேன்.

குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஒரு டூவீலர் சர்வீஸ் சென்டரில் நான் சர்வீஸ் அட்வைசர். காலையில் வண்டியை வாங்கி, குறைகளைக் கேட்டு ஜாப் கார்டு போட வேண்டும். ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க வேண்டும். மாலையில் பில்லோடு வண்டியைக் கொடுத்து, பில்லைப் பார்த்ததும் வருகிற வசவையும் வாங்கிக்கொள்ள வேண்டும். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். எஞ்சினைப் பற்றி மெக்கானிக்குகள் சொல்லித் தருவார்கள். நான் முகத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

1. எட்டில் நான்கு

நான் பி.ஏ. தமிழ். உள்ளத்து உணர்ச்சியை உடம்பு காட்டும் மெய்ப்பாடுகள் எட்டு என்று படித்து, பரீட்சையில் அவற்றை வரிசை மாறாமல் எழுதியவன். ஸ்பேனர் பிடிக்கத் தெரியாத எனக்குக் கவுன்ட்டரில் சோறு போட்டது அந்தப் பாடம்தான். எட்டும் தேவைப்படாது, நான்கு போதும். கஸ்டமர் குறை சொல்லும்போது மருட்கை, அதாவது வியப்பு: "அப்படியா சார், போன மாசம்தானே பாத்தோம்!" மைலேஜ் குறைந்துவிட்டது என்றால் அழுகைக்குச் சற்று முந்தைய நிலை. பில் நீட்டும்போது நகை, அதாவது சிரிப்பு. மேனேஜர் பின்னால் வந்து நின்றால் அச்சம். இந்த நான்கையும் மாற்றி மாற்றிப் போட்டு இருபது வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன்.

முகத்துக்கு இவ்வளவு வேலை கொடுத்தவன் வயிற்றைக் கவனிக்கவில்லை. காலையில் கதவு திறக்கும்போதே வண்டிகள் வரிசையில் நிற்கும், டிபன் கிடையாது. பதினோரு மணிக்கு இரண்டு மசால் வடை, ஒரு டீ. மத்தியானச் சாப்பாடு நான்கு மணிக்கு. ராத்திரி, பகலுக்கும் சேர்த்து. படுத்தால் சாப்பிட்டதெல்லாம் தொண்டை வரை வந்து குசலம் விசாரித்துவிட்டுப் போகும். அஸ்தினாபுரத்தில் எங்கள் தெருமுனை டாக்டர், தினம் காலை வெறும் வயிற்றில் ஒன்று என்று இரண்டு வாரத்துக்குக் காப்ஸ்யூல் எழுதிக் கொடுத்தார். மூன்றாம் நாளே எரிச்சல் போயிற்று. நல்லது செய்கிற ஒன்றை எதற்கு நிறுத்துவது? மருந்துக் கடைக்காரர் என் தலை தெரிந்ததும், "அண்ணா, அதேதானே?" என்பார். ஒன்றரை வருடம் அதேதான்.

2. சமநிலை

கத்த வந்தவர் கதைக்கு வருகிறேன். ஸ்கூட்டரில் ஸ்டார்ட்டிங் டிரபிள். ஒரே குறைக்கு மூன்றாவது முறையாக வந்திருந்தார்.

"யோவ், இன்னா வேல பாக்குறீங்க? வண்டிய இங்கயே வுட்டுட்டு பஸ்ல போவவா?"

வழக்கப்படி மருட்கையைக் காட்டினேன். காட்டியதாக நினைத்தேன். அவர் என் முகத்தையே பார்த்தார். குரல் படிப்படியாக இறங்கியது. "சரி... இந்த வாட்டி பாத்து செஞ்சு குடுங்க" என்று சாவியை மேஜை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த வாரங்களில் இது தொடர்ந்தது. மேனேஜர் பிரின்ஸ் என்னைவிடப் பத்து வயது இளையவர். புள்ளிவிவரம் கேட்கவே பிறந்தவர். "முரளி சார், தியான கிளாஸ் ஏதாவது போறீங்களா? உங்க கவுன்ட்டர்ல மட்டும் சத்தமே வரல" என்றார். ஹெட் மெக்கானிக் ரஹீம் பாய் வண்டியை ஏற்றி வைக்கும் ராம்ப்புக்கு அடியிலிருந்து பதில் சொன்னார்: "அண்ணன் மூஞ்சி செவுரு மாரி ஆயிடுச்சு சார். செவுத்தாண்ட எவன் சண்ட போடுவான்?"

அன்று முதல் சத்தம் போடுகிற கஸ்டமர்கள் எல்லோரும் என் கவுன்ட்டருக்கே அனுப்பப்பட்டார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. எட்டுக்கும் மேலே ஒன்பதாவதாகச் சமநிலை என்று ஒன்று உண்டு, துறவிகளுக்கு வாய்ப்பது. அதை நான் ஆயில் கறைக்கு நடுவில் அடைந்துவிட்டேன் என்று நம்பினேன்.

3. மேடையில்

கோவிலம்பாக்கத்தில் என் மனைவி ஜெயந்தியின் சித்தி பெண்ணுக்கு ரிசப்ஷன். மேடையேறி, மொய்க் கவரைக் கொடுத்துவிட்டு, மணமக்கள் பக்கத்தில் நின்றோம்.

"அங்கிள், கொஞ்சம் சிரிங்க" என்றார் போட்டோகிராபர்.

"சிரிச்சுக்கிட்டுதாம்பா இருக்கேன்."

அவர் கேமராவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ஜெயந்தியைப் பார்த்தார். "ஆன்ட்டி, நீங்களாவது சொல்லுங்களேன்."

வண்டியில் வீட்டுக்குத் திரும்பினோம். பல்லாவரம் தாண்டியதும், "என்மேல என்ன கோவம்?" என்றாள்.

"கோவமா? ஒண்ணுமில்லையே."

"நான் ஜோக் சொன்னாலும் பாக்கறீங்க, அழுதாலும் பாக்கறீங்க. ரெண்டுக்கும் ஒரே மாதிரி பாக்கறீங்க."

"மனசுக்குள்ள சிரிக்கிறேன் ஜெயந்தி."

"அது எனக்கு எப்படிங்க தெரியும்?"

வீட்டுக்குப் போனதும் பாத்ரூம் கண்ணாடி முன் நின்று எட்டையும் முயன்று பார்த்தேன். எட்டுக்கும் ஒரே ஆள்தான் வந்து நின்றார். அவரை எனக்கு அவ்வளவாகத் தெரியாது.

4. கால் வரவில்லை

முகத்துக்குப் பிறகு கை. சும்மா இருக்கும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாகவே உரசிக்கொண்டிருக்கும். ரஹீம் பாய், "இன்னாண்ணா, நோட்டு எண்ணிக்கினே கீறீங்க? போனஸ் வந்துருச்சா, எங்களுக்குச் சொல்லவேயில்ல?" என்றார். நானும் சிரித்தேன், மனதுக்குள்.

பிறகு அந்த டெஸ்ட் ரைடு. பைக்கை சர்வீஸ் ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு வாசலில் வந்து நிறுத்தினேன். காலை ஊன்ற வேண்டும் என்று நினைத்தேன். கால் யோசித்தது. அது ஒரு முடிவுக்கு வருவதற்குள் நானும் பைக்கும் சாவகாசமாக இடது பக்கம் சாய்ந்து விழுந்துவிட்டோம். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு, வண்டிக்கு இண்டிகேட்டர் போயிற்று. வண்டிக்காரர் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பிரின்ஸ் கூப்பிட்டார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. கொஞ்ச நாள் ஸ்பேர்ஸ்ல உக்காருங்க."

ஸ்பேர்ஸ் என்பது பின்கட்டில், ஜன்னல் இல்லாத அறை. அங்கே கிளட்ச் கேபிளும் பிரேக் ஷூவும் இருக்கும், மனிதர்கள் வரமாட்டார்கள். ஸ்பேர்ஸுக்குப் போன அட்வைசர் கவுன்ட்டருக்குத் திரும்பி வந்ததாக எங்கள் சென்டரில் வரலாறு இல்லை. அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். டீயோடு வந்த ரஹீம் பாய் இந்த முறை கிண்டல் செய்யவில்லை. "எங்க மாமாவுக்கு இப்டிதாண்ணா ஆரம்பிச்சுது. நடுக்குவாதம்னாங்க. நீ டாக்டராண்ட போயிடு" என்றார். அவர் என்னை ஒருமையில் அழைத்தது அன்றுதான் முதல் தடவை. அதுதான் பயமாக இருந்தது.

5. மாத்திரை ஆகாத மாத்திரை

தாம்பரத்தில் நரம்பியல் டாக்டர். நாற்பது வயதுக்குள் இருக்கும் பெண்மணி. நடக்கச் சொன்னார், விரல்களைத் தட்டச் சொன்னார், பெயரை எழுதச் சொன்னார். போகப் போக எழுத்து எறும்பாகிவிட்டது.

"வேற என்ன மாத்திரை எடுத்துக்கறீங்க?"

"எதுவுமே இல்ல டாக்டர். சுகர் கிடையாது, பிரஷர் கிடையாது" என்றேன், கொஞ்சம் கர்வத்தோடு.

ஜெயந்தியும் கூட வந்திருந்தாள். என் சட்டைப் பைக்குள் கையை விட்டு, அந்தக் காப்ஸ்யூல் அட்டையை எடுத்து மேஜையில் வைத்தாள். "அப்ப இது என்ன, பெப்பர்மின்ட்டா?"

"அது காஸுக்கு. அதைப் போய் மாத்திரைன்னு..."

டாக்டர் அட்டையைத் திருப்பிப் படித்தார். "எவ்வளவு நாளா?"

சொன்னேன்.

"இவ்வளவு நாள் சாப்பிடச் சொன்னது யாரு?"

"யாரும் வேணாம்னு சொல்லல டாக்டர்."

அந்த ஒரு காப்ஸ்யூலுக்குள் இரண்டு மருந்து இருக்கிறதாம். ஒன்று அமிலத்தைக் குறைப்பது. இன்னொன்று, லெவோசல்பிரைடு என்று பெயர், சாப்பாட்டைக் கீழ்ப்பக்கம் தள்ளிவிடுவது. அந்த இரண்டாவதை நீண்ட நாள் சாப்பிட்டால் சிலருக்கு மூளையில் போய் வேலை காட்டும். கை நடுங்கும், நடை தளரும், முகம் அசையாது. என் துறவு பதினைந்து காப்ஸ்யூல் கொண்ட அட்டையில் விற்பனைக்குக் கிடைத்திருக்கிறது.

"அப்ப இது நடுக்குவாதம் இல்லையா டாக்டர்?" ஜெயந்திதான் கேட்டாள்.

"இப்ப சொல்ல முடியாதும்மா. மருந்தால வந்திருந்தா, நிறுத்துனதும் கொஞ்சம் கொஞ்சமா போயிடும். மாசக்கணக்குல ஆகலாம். போகலேன்னா, உள்ள ஏற்கனவே இருந்த நோயை இந்த மருந்து முன்கூட்டியே காட்டியிருக்குன்னு அர்த்தம். அதுக்கு வேற வைத்தியம். இப்போதைக்கு நிறுத்திட்டு காத்திருங்க."

6. செங்கல்

காத்திருப்பது பற்றி எனக்குத் தெரியாதது இல்லை. "ஒரு அரை மணி நேரம் சார்" என்று ஆயிரக்கணக்கானவர்களைக் காக்க வைத்தவன். நம் முறை வரும்போது அது வேறு மாதிரி இருக்கிறது.

காப்ஸ்யூலை நிறுத்திய நான்காம் நாள் பழைய எரிச்சல், ஊருக்குப் போன சொந்தக்காரர் பெட்டி படுக்கையோடு திரும்பி வருவது போல வந்து சேர்ந்தது. வயிற்று டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் குழாய் விட்டுப் பார்த்து, பெரிதாக ஒன்றுமில்லை என்று சொல்லி, தேவைப்படும்போது மட்டும் குடிக்க ஒரு மருந்து கொடுத்தார். மற்றதெல்லாம் என் பொறுப்பு என்றார். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்தோம். முதல் வாரம் தூக்கத்தில் கால்மாட்டுக்குச் சறுக்கிக்கொண்டே இருந்தேன். ராத்திரிச் சாப்பாடு ஏழரைக்கு. அதற்கு மேல் தண்ணீர்தான். வடை இல்லை. காலையில் ஜெயந்தி கட்டிக் கொடுத்த இட்லியை ஸ்பேர்ஸ் அறையில், செயின் ஸ்பிராக்கெட் பெட்டிகளின் முன்னிலையில், உட்கார்ந்து சாப்பிட்டேன். இருபது வருடத்தில் வேலை நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டது அதுதான் முதல் முறை.

தினமும் காலையில் ஜெயந்தி காப்பி டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு டம்ளரையே பார்ப்பாள். காப்பி ஆடுகிறதா என்று. முதலில் கை அடங்கியது. பிறகு நடை தேறியது. முகம் மட்டும் வரவில்லை. "டாக்டர் மாசக்கணக்குனுதானே சொன்னாங்க" என்பாள். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்க மாட்டாள்.

ஒரு நாள் பிரின்ஸ் ஸ்பேர்ஸ் அறைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். "சார், ஃபாலோ அப் கால் லிஸ்ட்டைப் பாத்தேன். கத்திட்டுப் போனவங்க எல்லாம் அடுத்த சர்வீஸுக்கு வந்துட்டாங்க. உங்ககிட்ட கத்தாம போனாங்கள்ல, அவங்கதான் வரல. ரோட்டோர மெக்கானிக்கிட்ட போயிட்டாங்க. போன்ல ஒரு அம்மா சொல்றாங்க, 'அவருகிட்ட சொல்றதும் மரத்துகிட்ட சொல்றதும் ஒண்ணு'ன்னு."

"இப்ப என்ன பண்ணலாம் பிரின்ஸ்?"

"நாளைக்கு ரெண்டு பேர் லீவு. காலையில மட்டும் கவுன்ட்டர் பாருங்க. டெஸ்ட் ரைடு வேணாம்." வாசல் வரை போய்த் திரும்பினார். "முடிஞ்சா... கொஞ்சம் மூஞ்சியை அசைச்சுப் பாருங்க சார்."

7. பெருங்களத்தூர்க்காரர்

மறுநாள் காலை மூன்றாவதாக வந்தவர் பெருங்களத்தூரிலிருந்து பழைய ஸ்கூட்டரில் வந்திருந்தார். பருத்த உடம்பு. கல்யாண மண்டபங்களுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுகிறவராம்.

"வண்டியில சவுண்டு சார்."

"என்ன மாதிரி சவுண்டு?"

"ஸ்டார்ட் பண்ணா ஒண்ணியும் இல்ல. முப்பதுல போனா கீ... கீ... கொய்ங்னுது. பிரேக்க புடிச்சா" என்று காற்றிலேயே ஹேண்டில் பாரைப் பிடித்து, உடம்பை முறுக்கி, கண்ணை மூடி, "கொர்ர்ர்ர்ர் டக்!" என்றார். டக்கில் அவர் தொப்பையும் ஒரு முறை குதித்து நின்றது.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். முகம் சிவந்தது.

"இன்னா சார் சிரிக்கிறீங்க?"

"நானா?"

"பின்ன நானா? நான் இன்னா சர்க்கஸா காட்டிக்கினு கீறேன்? பல்ல இளிச்சிக்கினு நிக்கிறீங்க!"

"பல்லு தெரிஞ்சுதா சார்?"

"நக்கலா? மேனேஜரக் கூப்புடு! மொதல்ல மேனேஜரக் கூப்புடு!"

பிரின்ஸ் ஓடி வந்தார். ரஹீம் பாய் ராம்ப்பை விட்டு எழுந்து வந்தார். நான் போனை எடுத்து ஜெயந்திக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். மணி அடித்ததும் அதை அந்த மனிதரிடம் நீட்டினேன். "சார், எங்க வீட்ல. இப்ப சொன்னதை அவங்ககிட்ட ஒரு தடவை சொல்லிடுங்க."

கோபத்தில் யார் எதை நீட்டினாலும் வாங்கிவிடுவோம் அல்லவா, அவரும் வாங்கிவிட்டார். "ஏம்மா! உங்க வூட்டுக்காரரு இன்னா மனுசம்மா? நான் வண்டில கோளாறு சொல்றேன், மூஞ்சிக்கு நேரா சிரிக்கிறாரும்மா! கஸ்டமருன்னா ஒரு மருவாத வேணாம்?"

மறுமுனையில் என்ன பதில் வந்ததென்று எனக்குக் கேட்கவில்லை. அவர் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார், மறுபடி காதில் வைத்தார்.

"இன்னா சார் இது, அந்தம்மா அழுவுது! நல்லா சிரிச்சாரான்னு கேக்குது!" அவர் குரல் இறங்கிவிட்டது. போனில், "ஆமாம்மா... நல்லாத்தான் சிரிச்சாரு... வாயி ரெண்டு பக்கமும் விரிஞ்சிதும்மா... அழுவாத தாயே, நான் கம்ப்ளெயின்ட் ஒண்ணியும் குடுக்கல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ரஹீம் பாய் திரும்பி நின்று ஆயில் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துணியில் இருந்த கறையெல்லாம் முகத்துக்கு வந்துவிட்டது.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். டாக்டர் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால், வியாதி வாரியாகப் பிரித்துச் சொல்லாதீர்கள். சட்டைப் பையை மேஜையில் கவிழ்த்துவிடுங்கள். இரண்டு வாரம் என்றால் இரண்டு வாரம்தான். மேலே வேண்டுமா என்று மருந்துக் கடையில் கேட்காமல் டாக்டரிடமே போய்க் கேளுங்கள். வேளைக்கு உட்கார்ந்து சாப்பிடுங்கள், வரிசை காத்திருக்கும். கஸ்டமர் கத்தாமல் போனால் நிம்மதி அடையாதீர்கள், பின்னாலேயே போய் ஏன் என்று கேளுங்கள்.

பெருங்களத்தூர்க்காரர் வண்டியில் பிரேக் ஷூ தேய்ந்திருந்தது. மாலையில் பில்லைப் பார்த்ததும் அவர் மறுபடி கத்தத் தொடங்கினார். குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல், கடைசி வரை நின்று கேட்டேன்.