மூன்று முளைகளும் ஒரு சிவப்புத் துணியும்

என் மேசை இழுப்பறையில் ஒரு சாண் நீளத்துக்குச் சிவப்புத் துணி ஒன்று கிடக்கிறது. வெயிலில் வெளுத்து, ஓரம் நைந்த துணி. பேனா தேடும்போது விரலில் படும். சட்டென்று கையை இழுத்துக்கொள்வேன். பாலக்கரைக் கடையில் துணி வாங்கி, கிழித்து, நிலத்தில் அடிக்கும் அளவு முளைகளின் தலையில் கட்டுவது எங்கள் சர்வேயர் பாயின் வழக்கம். "குறி வெக்காத இடம் காணாமப் போயிடும் மேடம்" என்பார். வளைகுடாவில் மணலை அளந்துவிட்டுத் திரும்பியவர். அங்கே ஒரே காற்றில் நேற்றைய கோடு மறைந்துவிடுமாம். சூரிய மின்சார நிறுவனம் ஒன்றில் நான் இன்ஜினியர், அவர் சர்வேயர். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

துறையூரைத் தாண்டி, பச்சைமலை தெரியும் தூரத்தில் ஒரு தரிசு. அங்கே சூரிய மின் பலகைகள் வரவேண்டும் என்றுதான் நான் நினைத்தேன். நிலக்கரிச் சாம்பலுக்கு வெயில் எவ்வளவோ மேல். பாயும் அதை மறுத்ததில்லை. ஆனால் அனுமதிக்கான படிவத்தில் 'நிலத்தில் வாழும் உயிரினங்கள்' என்ற கட்டத்தில், மேலாளர் சொன்னபடி 'இல்லை' என்று நான் பென்சிலால் எழுதியிருந்ததைப் பார்த்ததும், என்னை வெயிலில் கூட்டிப்போய் சரளைக்கல் நடுவே ஓரிடத்தைக் காட்டினார். கல்லுக்கும் முட்டைக்கும் வித்தியாசம் தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஆட்காட்டிக் குருவியின் நாலு முட்டைகள். மேற்கு ஓரத்தில் அப்படி மூன்று கூடுகள் இருந்தன. சனிக்கிழமை ஆய்வுக்கு வரும் அதிகாரி அவற்றைக் கண்ணால் பார்த்தால், குஞ்சு பொரிக்கும்வரை அந்த ஓரத்தில் இயந்திரம் இறங்காது. இல்லையென்றால் திங்கட்கிழமையே இறங்கிவிடும்.

வெள்ளிக்கிழமை பாய் ஜும்மா தொழுகைக்காகத் துறையூர் போனார். நான் சும்மா இருந்திருக்கலாம். அதிகாரி அவசரக்காரர், இந்தச் சரளையில் நின்று தேடமாட்டார் என்று தோன்றியது. மூன்று கூடுகளுக்கும் ஓரடி தள்ளி, சிவப்புத் துணி கட்டிய முளைகளை அடித்தேன். வேலமரத்து நிழலில் உட்கார்ந்தேன். காற்றில் துணி படபடத்தது. குருவி ஓடி வரும், நிற்கும், கத்தும், திரும்பி ஓடும். கூட்டைக் காவல் காக்கிறது என்று நினைத்தேன். படித்த முட்டாள் என்றால் நான்தான். அது தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. நான் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மணிக்குப் பாய் வந்தார். துணியைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு, பைக்கைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். மூன்று முளைகளையும் பிடுங்கி எறிந்தார். ஒரு முட்டையின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு அப்படியே குந்தியிருந்தார்.

"மத்தியானத்துல அது முட்டையைச் சூடு பண்ண உக்கார்றதில்ல மேடம். வயித்தை நனைச்சுக்கிட்டு வந்து, குளிர வெக்க உக்காருது. துணி ஆடுறதுக்குப் பயந்து இன்னிக்குக் கிட்டயே வரல."

குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தேவலை. 'இங்கே வெயிலுக்குக் குறைவில்லை' என்று அறிக்கையில் பெருமையாக எழுதியவள் நான். அந்த வெயிலில்தான் முட்டைகள் வெந்திருந்தன. பொழுது சாயும்வரை இருவரும் தள்ளி நின்று பார்த்தோம். ஒரு குருவி வந்து உட்கார்ந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் எழுந்து போய்விட்டது.

மறுநாள் அதிகாரி வந்தார். முட்டைகளைக் காட்டினேன். குருவி எங்கே என்று கேட்டார். கைவிட்டுப் போன முட்டைக்காக வேலையை நிறுத்த முடியாது என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அவர் போனதும் பாய் படிவத்தை என் முன்னால் வைத்து, அந்தக் கட்டத்தைத் தொட்டுக் காட்டினார்.

"இப்ப பேனாவுல எழுதுங்க மேடம். இனிமே இது பொய்யில்ல."

எழுதினேன். 'இல்லை' என்று, பேனாவால். பிடுங்கி எறிந்த துணியில் ஒன்று என் பையோடு ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

இன்று அந்த நிலம் முழுக்கப் பலகைகள். சுற்றுவட்டாரத்து மோட்டார்கள் பகலில் தடையில்லாமல் ஓடுகின்றன. அந்தத் திட்டம் வந்தது தப்பு என்று இப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை. அங்கே ஒன்றுமே இல்லை என்று என் கையெழுத்தில் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை. இப்போது வேறொரு தரிசுக்கான படிவம் மேசையில் இருக்கிறது. அதே கட்டம், அதே பென்சில் 'இல்லை'. கையெழுத்துதான் பாக்கி. ரப்பரை எடுக்க இழுப்பறையைத் திறந்தேன்; துணி விரலில் பட்டது. இந்த முறை கையை இழுத்துக்கொள்ளவில்லை. பென்சில் எழுத்தை அழித்துவிட்டு, பாய்க்கு போன் செய்து, நாளைக் காலையில் அந்த நிலத்தைப் பார்க்கப் போகிறேன் என்றேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"முளை எதுவும் எடுத்துட்டுப் போகலையே?"