மாவில் பதியாத விரல்

பத்து ரொட்டி வீசி முடித்ததும் காஜா மைதீன் கையைத் துணியில் துடைத்துக்கொள்வார். பிறகு இடது காறை எலும்புக்கு மேலே உள்ள குழியில் இரண்டு விரலை வைத்து, எதையோ தேடுகிறவர் போல நிற்பார். கல்லில் கிடக்கும் ரொட்டி ஓரத்தில் கருகத் தொடங்கும். மலேசியாவின் ஜித்ராவில் அவருடைய கடைக்குக் காலையில் வருகிறவர்களுக்கு இது பழகிவிட்டது. புதிதாக வருகிறவர்கள்தான் கழுத்து வலியா என்று கேட்பார்கள்.

"என்ன நானா, சாவி தொலஞ்சிருச்சா?" லாரி ஓட்டும் தேவன் கேட்பார்.

"நீ திங்கிற நெய்யெல்லாம் இங்கதான் வந்து எறங்குதாம் தேவா."

"வயித்துல போட்டது கழுத்துக்கு எதுக்கு வருது?"

"அதத்தான் நானும் கேக்கிறேன். எனக்கே இன்னும் மண்டையில ஏறல லா."

வயது ஐம்பத்தெட்டு. முப்பத்து நான்கு வருடமாக ரொட்டி சானாய் என்கிற வீச்சு ரொட்டி போடுகிறார். மூன்றாம் படிவத்தோடு படிப்பு நின்றது. ஆனால் ஒன்றைக் கையில் எடுத்தால் அடிவரை போகாமல் விட மாட்டார். மழை நாளில் மாவுக்குத் தண்ணீரைக் குறைப்பார். எவ்வளவு, ஏன் என்று கேட்டால் சரியாகச் சொல்வார். உள்ளங்கை அகலமானது. கட்டைவிரலின் அடிச்சதை சின்ன மாவுருண்டை போலப் புடைத்திருக்கும். அந்தக் கையால் அவர் மாவை அறைந்தால் பக்கத்துக் கடைத் தையல்காரர் நிமிர்ந்து பார்ப்பார்.

அந்தக் கைதான் தன் மனைவியை ஐந்து நாள் மருத்துவமனையில் படுக்க வைத்தது என்று காஜா மைதீன் சொல்வார். மருத்துவர்கள் அப்படி நேராகச் சொல்லவில்லை.

மனைவி ரஹ்மத்துக்கு மூன்று வருடத்துக்கு முன் வலது மார்பில் புற்றுநோய். அறுவைச் சிகிச்சையின்போது வலது அக்குளில் இருந்த கணுக்களையும் எடுத்துவிட்டார்கள். நோய் போனது. ஒரு வருடம் கழித்து வலது கை வீங்கியது. வளையலைச் சோப்பு போட்டு உருவ வேண்டியிருந்தது. அப்புறம் பாஜு சட்டையின் கைக்குள் கை நுழையவில்லை. தேங்கிய நீரைத் தள்ளிவிட்டால் போதும் என்று காஜா மைதீன் நினைத்தார். ஜாதிக்காய்த் தைலத்தைச் சூடாக்கி, விரல் நுனியிலிருந்து தோள் வரை, மாவை இழுக்கிற அதே பலத்தோடு அழுத்தி உருவினார். நான்கு நாள். ரஹ்மத் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார். ஐந்தாம் நாள் கை நெருப்பாய்ச் சிவந்து, உடம்பு காய்ச்சலில் தூக்கிப் போட்டது.

வீடு திரும்பிய பிறகு எட்டு மாதம் ரஹ்மத் அந்தக் கையைக் கணவர் தொட விடவில்லை. கிட்டே வந்தாலே முந்தானைக்குள் இழுத்துக்கொள்வார். வீக்கமோ வற்றவில்லை.

பக்கத்து நகரமான அலோர் ஸ்டாரில் கேரன் என்ற பிசியோதெரபிப் பெண்ணிடம் போனார்கள். தினமும் ஒருவர் தோலைத் தடவி, நீரை வேறு வழிக்குத் திருப்பிவிட வேண்டும் என்றார் கேரன். ரஹ்மத்தின் இடது தோள் இறுகிப் போயிருந்ததால் அவரே செய்துகொள்ள முடியாது. மகள் நூருல் ஐன் இருப்பது நாட்டின் மறுகோடியில், ஜொகூரில்.

"அப்ப வீட்டுல யார் செய்வாங்க ஆன்டி?"

ரஹ்மத் சுவரைப் பார்த்தார். "இவரு கை ஆகாதும்மா. அது கை இல்ல, இரும்பு."

இன்னொரு முறை அப்படிச் சிவந்தால் வீக்கம் நிலைத்துப் போகலாம், யாரும் தொடாமல் விட்டாலும் கை இறுகிக்கொண்டே போகும் என்றார் கேரன். காஜா மைதீன் தன் கைகளை நாற்காலிக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

கேரன் காகிதத்தில் ஓர் உருவம் வரைந்தார். இரத்தக் குழாய்களிலிருந்து எந்நேரமும் கொஞ்சம் நீர் சதைக்குள் கசிகிறது. அதை வாரி எடுத்துப் போக மெல்லிய குழாய்கள் தோலுக்கு நேர் கீழே வலைபோலக் கிடக்கின்றன. குழாய்க்குள் வந்ததும் அதற்கு நிணநீர் என்று பெயர். திரும்பி ஓடாதபடி ஒரே பக்கம் திறக்கும் சிறு கதவுகள் உள்ளே உண்டு. வழியில் அவரை விதைபோலக் கணுக்கள். கிருமிகளைப் பிடித்து அழிப்பது அங்கேதான். கடைசியில் எல்லாம் கழுத்தடியில் இரத்தத்தோடு சேர்ந்துவிடுகிறது.

"இதுக்கு மோட்டார் எங்கம்மா இருக்கு? ரத்தத்துக்கு இதயம் இருக்குல்ல?"

"தனியா ஒண்ணும் இல்ல அங்கிள். குழாயே மெதுவா சுருங்கி விரியும். நாம கையக் கால ஆட்டுறது, மூச்சு விடுறது, இதெல்லாம் சேர்ந்து தள்ளும்."

"மோட்டார் இல்லாமலா ஓடுது?"

"ஒரு நாளைக்கு லிட்டர் கணக்குல."

வலது கை, தலையிலும் மார்பிலும் வலது பாதி, இவ்வளவுதான் வலது கழுத்தடிக்குப் போகும். இரண்டு காலும் வயிறும் இடது பக்கம் முழுவதும் இடது கழுத்தடிக்கு. குடலில் உறிஞ்சப்படும் நெய்யும் அந்த வழியேதான். காஜா மைதீன் காகிதத்தை ஒரு முறை தலைகீழாகக்கூடத் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டு குழி இருக்கு. சரி பாதியா பிரிச்சிருக்கலாமே?"

"அத படைச்சவன்கிட்டதான் கேக்கணும் அங்கிள்."

"தொழுகையில கேட்டுப் பாக்கிறேன்."

கேள்வி அதோடு நிற்கவில்லை. வீங்கியிருப்பது வலது கை. ஆனால் தடவத் தொடங்க வேண்டியது கழுத்தில். அடுத்து, ஒரு குறையும் இல்லாத இடது அக்குள். பிறகு மார்பின் குறுக்கே வலமிருந்து இடமாக. அதற்கப்புறம்தான் மேற்கை, முன்கை, கடைசியில் விரல். வலது அக்குளில் கணு இல்லாததால் நீரை இடப்பக்கம் திருப்ப வேண்டும். போகிற வழியை முதலில் காலி செய்தால்தான் பின்னால் இருப்பது நகரும். இதைச் சொல்லச் சொன்னால் அவர் ஒப்பித்துவிடுவார். நம்பத்தான் முடியவில்லை.

"அது சரி, அமுக்காம எப்படிம்மா போகும்?"

"அமுக்குனா அந்தக் குழாய் நசுங்கிப் போகும் அங்கிள். தோல் மட்டும் நகரணும். கீழ இருக்கிற சதை நகரக் கூடாது."

காஜா மைதீன் தன் முன்கையிலேயே செய்து காட்டினார். இன்னும் மெதுவாக என்று கேரன் ஏழு முறை சொன்னார். எட்டாம் முறை சரி என்று தலையை அசைத்தார்.

மறுநாள் காலை, மாஜரின் பூசி வரிசையாக ஊறிக்கொண்டிருந்த மாவுருண்டைகளுக்கு முன் காஜா மைதீன் நின்றார். ஓர் உருண்டையின்மேல் விரல்களை வைத்து, மேலே இருந்த எண்ணெய் மட்டும் நகரும்படி தள்ளினார். மாவில் நான்கு குழி விழுந்தது. அடுத்த உருண்டையிலும் நான்கு. அன்றிலிருந்து தினமும் முதல் தட்டு உருண்டைகளில் அவருடைய விரல் தடம் இருக்கும். ரொட்டிக்குக் காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள்.

"நானா, ரொட்டி போடுறீங்களா, கோழிக் குஞ்சு வளக்கிறீங்களா?" என்றார் தேவன்.

"பேசாம இரு. விரல் அழுந்திருதுல்ல."

இருபது நாளுக்கு மேல் ஆனது. ஒரு காலை எண்ணெய் மட்டும் மினுமினுத்து நகர்ந்தது. உருண்டை அப்படியே இருந்தது. இன்னொன்றிலும் அப்படியே. அவர் அடுப்பைத் தணித்துவிட்டு, தட்டோடு கடைக்கு மேலே இருந்த வீட்டுக்கு ஏறி ரஹ்மத்தின் முன்னால் வைத்தார். ரஹ்மத் குனிந்து ஒவ்வோர் உருண்டையாகப் பார்த்தார்.

"இத எதுக்கு எங்கிட்ட காட்டுறீங்க?"

"தொட்டுட்டுத்தான் கொண்டாந்தேன். தடம் இருக்கா பாரு."

ரஹ்மத் தட்டை இன்னொரு முறை திருப்பிப் பார்த்தார். "ஒரே ஒரு தடவ. அழுத்துனீங்கன்னா கைய எடுத்துருவேன்."

"எடுத்துரு."

நண்பகல் லுஹர் தொழுகையை முடித்துவிட்டு, கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மேலே வந்தார். ரஹ்மத் பாயில் மல்லாந்து படுத்து, வீங்கிய கையைத் தலையணைமேல் வைத்திருந்தார். இடது கையால் கணவரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். காஜா மைதீன் கழுத்தில் தொடங்கினார். அக்குள். மார்பின் குறுக்கே. வாய்க்குள் எண்ணிக்கொண்டே போனார். இவ்வளவு லேசாகத் தொடுவதில் தான் எதையும் செய்கிறோமா என்றே அவருக்கு விளங்கவில்லை.

"நான் தொடுறது தெரியுதா?"

"தெரியுது. பேசாம செய்யுங்க."

மேற்கைக்கு வந்தபோது மணிக்கட்டில் இருந்த பிடி தளர்ந்து விலகியிருந்தது. அதைக் கவனித்ததில் அவருக்கு எண்ணிக்கை தவறிவிட்டது. மேற்கை முடிந்ததா, பாதியா? கேரன் எழுதிக் கொடுத்த காகிதம் பக்கத்திலேயே கிடந்தது. கண்ணாடி கீழே கடையில். ஒன்றை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனால் என்ன ஆகும்? நீர் எந்தப் பக்கம் போகும்? அவர் கையை உயர்த்தியபடியே நிறுத்திவிட்டார்.

"ரஹ்மத்து, எங்க வுட்டேன்?"

ரஹ்மத்தின் கண் மூடியிருந்தது. தூங்கிவிட்டார் என்று நினைத்து அவர் மெல்லப் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

கண்ணைத் திறக்காமலே ரஹ்மத் வீங்கிய கையைத் தலையணையிலிருந்து தூக்கி, அவர் மடியில் வைத்தார்.