சுவருக்குள் அதிர்ந்த குழாய்

கொல்கத்தாவின் லேக் கார்டன்ஸில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் கட்டடத்தில் மூன்று மாடி. எங்களுடையது இரண்டாவது. கணவருக்கு மாற்றலாகிச் சென்னையிலிருந்து வந்த ஆறாம் மாதம், சுவருக்குள் போகும் தண்ணீர்க் குழாய் அதிர ஆரம்பித்தது. தடதடவென்று சில நிமிடம், பிறகு அமைதி, மறுபடி தடதட. பகலில் நாலைந்து தடவையாவது வரும்.

எனக்கு அது வெறும் தொந்தரவு. முதல் மாடியில் இருக்கும் வயதான வங்காள அம்மா, நாங்கள் மாஷிமா என்று கூப்பிடுபவர், அவருக்கு அப்படி இல்லை. அவருடைய கணவர் இதய அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. அவர் கட்டிலை ஒட்டிய சுவரில்தான் குழாய் இறங்குகிறது. கட்டிலை நகர்த்த அந்த அறையில் இடமில்லை. கண் அயர்ந்தால் போதும், தூக்கிவாரிப் போட்டு எழுந்து நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறார் என்று மாஷிமா படியில் நின்று அழுதார். எனக்குப் பொறுக்கவில்லை. பொறுக்காவிட்டால் நான் சும்மா இருக்கிற ஆளும் இல்லை.

சுவரில் காதை வைத்துப் பார்த்தேன். சத்தம் மேலிருந்து வருவதாகத்தான் பட்டது. மேல் மாடியில் ஒரு நர்ஸ் தனியாக இருந்தாள். ஷிப்டு வேலை, கண்ட வேளையில் வாஷிங் மெஷின். போதாதா எனக்கு?

"நல்லாத் தெரியுமா, அவதான்னு?" என்றார் கணவர்.

"வேற யாரு? மெஷின் ஓடுறது உங்க காதுல விழலையா?"

நேரே மேலே போனேன். நோயாளியைத் தூங்கவிடாமல் செய்கிறாயே, நீயெல்லாம் ஒரு நர்ஸா என்று அரைகுறை வங்காளத்தில் கேட்டேன். வார்த்தை கிடைக்காத இடத்தில் இந்தி. அவள் முகம் சுருங்கிவிட்டது. இனி மெஷின் போடமாட்டேன் காகிமா, அதாவது சித்தி, என்று மட்டும் சொன்னாள். மறுநாளிலிருந்து யூனிஃபாரத்தைக் கையால் துவைத்து உலர்த்தினாள். அது எங்கள் பால்கனியில் சொட்டியது. அதற்கும் ஒரு குரல் கொடுத்தேன்.

சத்தம் மட்டும் நிற்கவில்லை.

மூன்றாம் நாள் மாஷிமா ஹவுராவிலிருந்து ஒரு பிளம்பரை வரவழைத்தார். அதிகம் பேசாத மனிதர். மொட்டைமாடித் தொட்டியில் ஆரம்பித்து, ஒவ்வொரு வீட்டிலும் குழாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டே இறங்கினார். துணி அலசிய ஈரக்கையோடு நானும் பின்னாலேயே போனேன். நர்ஸ் வீட்டில் லேசான நடுக்கம்தான். எங்கள் வீட்டுக் குழாயைத் தொட்டதும் கையை எடுத்தார். நேரே குளியலறைக் கதவைத் திறந்தார்.

உள்ளே என்னுடைய நீல டிரம். சென்னையில் தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடியவள் நான். பிடித்துவைக்காவிட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது. இங்கே நாள் முழுக்கக் குழாயில் வருகிறது என்று எல்லோரும் சொல்லியும் கேட்காமல், டிரம் வாங்கிக் குழாயோடு இணைத்து, நிரம்பியதும் தானே மூடிக்கொள்ள ஒரு மிதவை வால்வும் போட்டிருந்தேன். போட்டது சத்தம் ஆரம்பித்த அதே மாதம்தான். அதையும் இதையும் முடிச்சுப்போட எனக்குத் தோன்றவேயில்லை.

பிளம்பர் டிரம்மின் மூடியைத் திறந்தார். நான் துணி அலச எடுத்தது போக மறுபடி நிரம்பும் தறுவாயில் இருந்த தண்ணீரில் மிதவை துள்ளிக்கொண்டிருந்தது. அது துள்ளத் துள்ள, வால்வு படபடவென்று மூடித் திறந்தது. அவர் மிதவையைத் தூக்கிப் பிடித்தார். தடதடப்பு நின்றது. விட்டார், ஆரம்பித்தது. மறுபடி தூக்கினார்.

"நின்றுவிட்டது! நின்றுவிட்டது!" என்று கீழிருந்து மாஷிமா வங்காளத்தில் கத்தினார். அந்தச் சந்தோஷக் குரலைக் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது.

டிரம்முக்குப் போன இணைப்பை அப்போதே கழற்றச் சொன்னேன். கீழே போய் மாஷிமாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. மேல் வீட்டுப் பெண்ணிடமும் சொல்லிவிடு என்றார். தினமும் டூட்டிக்குப் போகுமுன் அவள் இறங்கி வந்து, மாஷிமாவின் கணவருக்கு ரத்த அழுத்தம் பார்த்து, மருந்தும் எடுத்துக்கொடுத்துவிட்டுப் போகிறாளாம். இது எனக்குத் தெரியாது.

சாயங்காலம் மேலே போனபோது அவள் வாளியில் யூனிஃபாரத்தைக் கசக்கிக்கொண்டிருந்தாள். தப்பு என்னுடையது, சத்தம் என் வீட்டு டிரம்மிலிருந்துதான் வந்தது என்று சொல்லி முடித்தேன். அவள் நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது.

"மேஷோ தூங்கினாரா?" என்று மாஷிமாவின் கணவரைப் பற்றிக் கேட்டாள்.

மதியத்திலிருந்து தூங்குகிறார் என்றேன். கையிலிருந்த நுரையை உதறிவிட்டு எழுந்தாள்.

"அப்படியென்றால் நான் மெஷின் போட்டுக்கொள்ளலாமா, காகிமா?"

என்னிடம் அனுமதி கேட்கிறாள். வாளியிலிருந்த யூனிஃபாரத்தைப் பிழிந்து நானே மெஷினில் போட்டேன்.