பின்கழுத்தில் உளி

சிங்கப்பூரில் ஒரு மியூசியத்தில் எனக்குக் காவலாளி வேலை. சீனக் கூடத்தில் நிற்பேன். செத்தவர்களோடு புதைத்த சுட்டமண் குதிரைகள், ஒட்டகங்கள், பல்லைக் காட்டும் காவல் பூதங்கள் எல்லாம் கண்ணாடிக்குள் இருக்கும். நடுவில் கல்லாலான ஒரு புத்தர் தலை. உடம்பு கிடையாது. வருகிறவர்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நான் நிற்கும் இடத்திலிருந்து பின்கழுத்து தெரியும். வரிவரியாக உளி கொத்திய தடம். மலைக்குகையில் முழுச் சிலையாக உட்கார்ந்திருந்ததாம். விற்பதற்காகத் தலையை மட்டும் வெட்டி எடுத்துவிட்டார்கள் என்று கூட வேலை பார்க்கும் சீனக்காரர் சொன்னார்.

போன வருஷம் லீவில் ஊருக்குப் போயிருந்தபோது திருச்சுழிப் பக்கம் அக்கா வீட்டில் இருந்தேன். ஒரு மத்தியானம் அக்கா புருஷனோடு பைக்கில் கண்மாய்க்கரை வழியாகப் போகையில் கருவேலங்காட்டுக்குள் டங் டங்கென்று சத்தம் கேட்டது. அங்கே உட்கார்ந்த நிலையில் பழைய கல்சிலை ஒன்று உண்டு. முனியய்யா என்று மச்சான் வீட்டார் பொங்கல் வைப்பார்கள். இரண்டு பேர் அதன் பின்கழுத்தில் உளி வைத்து அடித்துக்கொண்டிருந்தார்கள். பாதி வெட்டியாகிவிட்டது.

ஊரில் ஆள் கூப்பிட்டிருக்கலாம். எனக்கு அது தோன்றவில்லை. ஓடிப்போய் உளிக்காரன் தோளைப் பிடித்து இழுத்தேன். மற்றவன் கடப்பாரையை வீசினான். என் மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அவன் ஓடிவிட்டான். மச்சான் கீழே கிடந்த சுத்தியலை எடுத்து உளிக்காரன் முழங்காலில் அடித்தார். விழுந்தவனை விலாவில் அடித்தார், வாயில் அடித்தார். ரத்தத்தோடு பல் மண்ணில் விழுந்தது.

"போதும் மச்சான், செத்துருவான்."

"அவுக கழுத்துலயே உளி வச்சிட்டான்ல. சாகட்டும்."

ஒற்றைக் கையால் அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்தேன். உதறிவிட்டு மறுபடி முகத்தில் ஓங்கி அடித்தார். முனகிக்கொண்டிருந்தவன் சத்தம் நின்றுபோனது.

அவன் சாகவில்லை. ஒரு கண் போய்விட்டது. அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் எனக்குக் கட்டுப் போட்டபின் போலீஸ்காரர் வந்து கேட்டார்.

"கீழ விழுந்த பெறகும் அடிச்சாரா?"

அக்கா கட்டில் ஓரத்தில் நின்றிருந்தாள்.

"அடிச்சாரு" என்றேன்.

அவர் போனதும் அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"ஒன் கைய ஒடிச்சவனுகளுக்காகவா ஒங்க மச்சானப் பிடிச்சுக் குடுத்த?"

"நடந்ததச் சொன்னேன்க்கா."

மச்சான் ஜாமீனில் வந்துவிட்டார். வழக்கு நடக்கிறது. சிலையின் கழுத்தைச் சிமெண்ட் வைத்துப் பூசியிருக்கிறார்கள். நான் சிங்கப்பூர் திரும்பிவிட்டேன். மச்சான் போனில் கூப்பிட்டு, கை தேவலையா என்று விசாரிப்பார். அக்காவிடம் கொடுங்கள் என்றால், வேலையாக இருக்கிறாள் என்பார்.